பாலைப்பழம் பழுத்த வளவு



நீண்ட பதிவுதான். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். முசலிப் பக்கத்து ஆட்கள் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும். உங்களிடம் ஒரு விடயம் கேட்க இருக்கிறது.

பாடசாலைத் தோட்ட வேலை தொடங்கிய கிழமை தரம் 8 பிள்ளைகளிடம், அவரவர் வீட்டுத் தோட்டத்தில் காய்த்ததில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். முருங்கைக்காய் வந்தது, கொச்சிக்காய் வந்தது, ஒரு பையன் தலையை விடப் பெரிய பூசணிக்காயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு பிள்ளை மட்டும் பழைய பால்மா டின் ஒன்றில் வீரைப்பழம் கொண்டுவந்தாள். சிவப்பாக, மணி மணியாக. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "சேர், இது காட்டுப்பழம். தோட்டத்துப் பழம் இல்ல" என்றான் பூசணிக்காய்க்காரன். அவள் விடவில்லை. "எங்கட வளவுக்குள்ளதான் நிக்குது சேர். வேலிக்கு உள்ளுக்கு. அப்ப அது எங்கட தோட்டம்தானே?"

மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, அவள் கேட்ட அதே கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்து மக்கள் பல வருடங்களாகக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று. வேலிக்குள் நிற்பது காடா, தோட்டமா? காடு வளர்ந்துவிட்டால் அந்த வளவு யாருடையது?

முதலில் பழத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் நான்கு பருவங்கள் படம் போட்டிருக்கும். வசந்த காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் விதை போடுவார்கள், பிறகு கூடையோடு போய்க் காட்டுப்பழம் பறிப்பார்கள். எங்கள் மன்னார் மண்ணில் அப்படி ஒரு வசந்தம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாரி கொட்டும். மற்ற மாதங்களில் வெயில்தான். ஆனால் மாரி முடிந்த பிறகு வருகிற மாதங்களுக்கு ஒரு தனி அழகு உண்டு. சேனை செய்தவர்களுக்கு அது தெரியும். ஆவணி, புரட்டாதியில் வெட்டி எரித்த நிலத்தில் முதல் மழையோடு குரக்கனும் சோளமும் பயறும் போடுவார்கள். தை, மாசியில் அறுவடை. அதே நிலத்தில் பங்குனி, சித்திரையில் விழுகிற சிறுமழையை நம்பி எள்ளு விதைப்பார்கள். மண்ணில் கடைசி ஈரம் காய்கிற அந்த நேரத்தில்தான் காட்டு மரங்கள் பிஞ்சு பிடிக்கும். குளம் வற்றி, கிணற்றில் கயிறு நீளுகிற ஆனி, ஆடியில் பழுத்துக் கொட்டும். தோட்டத்தில் எதுவும் கிடைக்காத மாதத்தில் காட்டில் பழம் கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பது எங்கள் மூத்தம்மாமாரைக் கேட்டால் தெரியும்.

வீரைப்பழத்தில் சதை மெல்லிசு, கொட்டைதான் பெரிசு. வாயில் போட்டுச் சூப்பிவிட்டுத் துப்ப வேண்டியதுதான். சூரைப்பழம் முள்ளுக்குள் கையை விட்டுப் பறிக்க வேண்டும், பறித்தவன் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஈச்சம்பழம் கறுத்துப் பழுத்தால் தேன் மாதிரி. கிளாக்காய் புளிக்கும், உப்பும் மிளகாய்த்தூளும் இல்லாமல் ஆகாது. எல்லாவற்றுக்கும் ராஜா பாலைப்பழம். மஞ்சளாக, ஒரு கொட்டைப்பாக்குக்குச் சற்றுக் குறைவான அளவில் இருக்கும். நாலு தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதன் பால் அப்படி. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தின்ன வேண்டும் என்பார் மூத்தம்மா. மிஞ்சியதைப் பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கிப் போத்தலில் வைப்பாராம். நோன்பு அந்தக் காலத்தில் வந்தால் நோன்பு திறக்க அந்தப் பாணியில் ஒரு கரண்டி. நாங்கள் ருசி பார்த்ததில்லை. கேட்டதுதான்.

இன்னொரு மரமும் இந்தக் கரையோர வறண்ட நிலத்தில் நிற்கிறது. உகாய். மிஸ்வாக் மரம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அரபியில் அராக். அதன் சிறு பழங்களைப் பற்றிப் புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஸஹாபாக்கள் அந்தப் பழத்தைப் பறித்துக்கொண்டிருந்தபோது, கறுத்ததைப் பார்த்துப் பறிக்கும்படியும் அதுவே நல்லது என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இந்த விவரம் எப்படித் தெரியும், நீங்கள் ஆடு மேய்த்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, ஆடு மேய்க்காத நபி உண்டா என்று திருப்பிக் கேட்டார்கள். காட்டுப்பழத்தின் நிறம் பார்த்து ருசி சொல்வது மேய்ச்சல்காரனின் அறிவு. எங்கள் ஊரிலும் மாடு மேய்க்கப் போனவர்கள்தான் எந்த மரம் இனிக்கும், எது உவர்க்கும் என்று சொல்வார்கள். புத்தகம் படித்தவர்கள் அல்ல.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

முசலிப் பிரதேசத்து வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாலைக்குழி, கரடிக்குளி, மறிச்சுக்கட்டி, கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு. முதல் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பாலை, மற்றதில் கரடி. பாலைப்பழம் பழுக்கிற காலத்தில் கரடி மரத்தில் ஏறி உட்கார்ந்து தின்னும். இன்றைக்கும் வில்பத்துவிலும் யாலவிலும் கரடி பார்க்கப் போகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களைப் பார்த்துத்தான் போகிறார்கள். "குழி"யா "குளி"யா, முத்துக்குளிப்போடு சம்பந்தமா இல்லையா என்று ஊர்ப் பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். மரத்துக்கும் மிருகத்துக்கும் பெயர் சொல்லி ஊருக்கு வைத்தவர்கள் அந்த மரத்தடியில் குடியிருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ரொபர்ட் நொக்ஸைப் பாடசாலையில் எல்லோரும் படித்திருப்போம். 1660 இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்தவர். கைதி என்றாலும் சிறையில் அல்ல. தொப்பி பின்னி விற்று, நெல் கடன் கொடுத்து, எலதெத்தவில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டி, ஆடு கோழி வளர்த்து வாழ்ந்தார். ஒரு சிறு தோட்டக்காரனின் கண் அவருக்கு இருந்தது. 1681 இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் காட்டில் தானாக விளையும் பழங்களுக்கு ஒரு சிறு பட்டியல் உண்டு. செரிப்பழம் போல் ஒன்று, சிறு பிளம்ஸ் போல் இன்னொன்று என்று தன் நாட்டுப் பழங்களோடு ஒப்பிட்டு, சிங்களப் பெயர்களைத் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார். அதில் வருகிற "பொல்லா" என்பது சிங்களத்தில் பலு எனப்படும் எங்கள் பாலையாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். ஊகம்தான், சத்தியம் பண்ண மாட்டோம்.

பாடப் புத்தகம் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. நொக்ஸ் தப்பி ஓடி எங்கே வந்து சேர்ந்தார்? அவரும் கூட்டாளி ஸ்டீபன் ரட்லண்டும் சில்லறை வியாபாரிகள் போல் வடக்கே நடந்து, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் வந்தார்கள். அந்த ஆற்றுக்கு எங்கள் பக்கத்தில் பெயர் அருவியாறு. அது கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்டே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டை இருந்தது. 1679 ஒக்டோபர் 18 ஆம் திகதி அங்கேதான் நொக்ஸ் விடுதலையானார். சிலாவத்துறையிலிருந்து அரிப்புக்குச் சைக்கிளில் போய் வருகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. நாங்களும் கல்வியியற் கல்லூரியில் படிக்கிறபோதுதான் தெரிந்துகொண்டோம். வெட்கமாக இருந்தது.

அரிப்பு எதற்காக ஒல்லாந்தருக்கு வேண்டியிருந்தது? முத்து. பங்குனி, சித்திரையில் இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் கடல் அமைதியாகும். அந்த வாரங்களில் கொண்டச்சிக் குடாவில் முத்துக்குளிப்பு நடக்கும். ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதி பிரட்ரிக் நோர்த் அதை மேற்பார்வை செய்யவென்று அரிப்பில் கடலைப் பார்த்து ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடு கடல் அரித்து அரித்துச் சரிந்துகொண்டு இன்றும் நிற்கிறது. உள்ளூரில் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். 1906 இல் முகாம் போட்டது மறிச்சுக்கட்டியில். அந்த முகாமில் வேலை பார்த்த இளம் சிவில் சேவை உத்தியோகத்தர் ஒருவர் பிறகு உலகப் பெயர் பெற்றார். லெனாட் வூல்ப். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுச் சுழியோடிகள், இந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள், இங்குள்ள தமிழர், சோனகர் என்று சில வாரங்களுக்கு மணலில் ஒரு நகரமே எழும்பி மறைந்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1907 இற்குப் பிறகு சிப்பி அருகிப்போனது. வெளியிலிருந்து வந்தவர்கள் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் கடலில் மீனும் கரையில் சேனையுமாக இருந்தார்கள்.

வூல்ப் பிறகு அம்பாந்தோட்டைக்குப் போய், அங்குள்ள சேனைக் கிராமங்களைப் பார்த்து ஒரு நாவல் எழுதினார். 1913 இல் வந்தது. காட்டின் நடுவே சேனையை நம்பி வாழ்கிற ஒரு சிறு கிராமம் கடனாலும் அனுமதிப்பத்திரத்தாலும் ஒவ்வொரு குடும்பமாக அழிந்து, கடைசியில் காடு வந்து வீடுகளை மூடுவதோடு கதை முடியும். எங்கள் பக்கத்தில் நடந்தது அதே முடிவுதான், காரணம் வேறு. அந்தக் காரணத்துக்கு முன்னால் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வறண்ட பகுதி, தாண்டிப் போய்விடாதீர்கள். முழு விடயமும் இதில்தான் இருக்கிறது.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மலைநாட்டில் கோப்பித் தோட்டத்துக்குக் காணி தேடி வெள்ளையர் ஓடிய காலம் அது. தேசாதிபதி தொடக்கம் நீதிபதிகள் வரை காணி வாங்கிக் குவித்தார்கள். அந்த நேரத்தில் போடப்பட்ட இந்தச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆளில்லாமலும் பயிரில்லாமலும் கிடக்கிற நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று அனுமானித்தது. "நிரூபிக்கப்படும் வரை" என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். நிலம் உன்னுடையது அல்ல என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. உன்னுடையது என்று நீதான் நிரூபிக்க வேண்டும். 1897 இல் வந்த தரிசு நிலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு நிலத்தைப் பற்றி அறிவித்தல் போடுவார்கள். மூன்று மாதத்துக்குள் உரிமை கோரி யாரும் வராவிட்டால் அது முடிக்குரிய காணி. எழுத்து வாசிக்கத் தெரியாத கிராமத்தானுக்கு வர்த்தமானியில் அறிவித்தல்!

சேனைக்காரனுக்கு இதில் என்ன பிரச்சினை என்றால், சேனை நிலம் எப்போதும் "பயிர் இல்லாமல்" கிடக்கிற நிலம்தான். ஓரிரு போகம் செய்துவிட்டுப் பல வருடங்களுக்கு அதைச் சும்மா விடுவார்கள். மண் மறுபடி உயிர் பிடிக்க வேண்டும். முதலில் புல், பிறகு சூரையும் கிளாவும் போன்ற முட்செடிகள், அதன் நிழலில் பறவை எச்சத்தோடு விழுந்த வீரை விதைகள் முளைக்கும். பழமரங்களை வெட்டாமல் விட்டுவிட்டுத்தான் சேனை எரிப்பார்கள் என்று மூத்தவாப்பா சொல்வார். கணக்குப் பார்த்தால், கிராமத்தான் பழம் பறித்த நிலம் பெரும்பாலும் அவன் பாட்டன் குரக்கன் விதைத்துவிட்டுச் சும்மா விட்ட நிலம். அவனுடைய கண்ணுக்கு அது ஓய்வெடுக்கிற தோட்டம். சட்டத்தின் கண்ணுக்குத் தரிசு. டின்னில் வீரைப்பழம் கொண்டுவந்த பிள்ளையின் கேள்விக்கு 1840 இலேயே ஒரு பக்கத்துக்குச் சாதகமாகப் பதில் எழுதிவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு முடிக்குரிய காணி அரச காணி ஆனது. பெயர் மாறியது, அனுமானம் மாறவில்லை. எங்கள் ஊர்களில் சிலரிடம் உறுதி இருந்தது, பலரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது, இன்னும் பலரிடம் "இது எங்கட வாப்பா வெட்டின காணி" என்ற ஒரு வசனம் மட்டும்தான் இருந்தது. ஊருக்குள் அந்த வசனம் போதும். பக்கத்து வளவுக்காரன் தலையாட்டினால் விடயம் முடிந்தது.

1990 ஒக்டோபர்.

இதை நாங்கள் விரிவாக எழுதப் போவதில்லை. எழுதியவர்கள் எழுதியிருக்கிறார்கள், அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 இற்கும் அதிகமான முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வயதுக்காரர்கள் அப்போது கைக்குழந்தைகள். சிலர் கடல் வழியாக, சிலர் காட்டு வழியாக, கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் வந்தார்கள். புத்தளத்து மக்கள் சோறு தந்தார்கள், இடம் தந்தார்கள். அந்தக் கடனை அடைக்க முடியாது. ஆனால் கிடுகுக் கொட்டிலுக்குள் வளர்ந்த எங்களுக்குக் காட்டுப்பழம் என்பது உம்மாமார் ஊரை நினைத்து அழும்போது சொல்கிற ஒரு சொல். கொட்டிலுக்குப் பின்னால் உவர் மண்ணில் எங்கள் உம்மா நாலு கத்தரி நட்டார். இரண்டு கருகிப்போனது. மற்ற இரண்டுக்கும் உளு செய்த தண்ணீரை ஏந்தி ஊற்றினார். அதுதான் எங்கள் முதல் தோட்டம்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் வாப்பாவோடு ஊர் பார்க்க வந்தோம். கண்ணிவெடி அகற்றிய இடத்தை விட்டு விலகக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகைகள். தெரு இருந்த இடத்தில் தெரு இல்லை. ஊர் முழுக்கப் பற்றைக்காடு. 20 வருடங்கள் மழை பெய்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. வாப்பா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுற்றினார். தான் பிறந்த வீட்டை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு தூரத்தில் ஒரு பாலை மரத்தின் தலை தெரிந்தது. "அதுதான்" என்று அதை நோக்கி நடக்கத் தொடங்கினார். கத்தியால் வெட்டி வெட்டி உள்ளே போனோம். மரத்திலிருந்து இருபது எட்டு எண்ணிக் காலால் மண்ணைத் தட்டினார். கிணற்றுக் கட்டின் சீமெந்து விளிம்பு. அதன் பக்கத்தில் தலையில்லாத இரண்டு தென்னைகள்.

வீடு நின்ற இடத்தில் கூரையும் சுவரும் இல்லை. ஆனால் அறை இருந்த இடம், குசினி இருந்த இடம் எல்லாவற்றிலும் இளம் மரங்கள். அதில் பாதி வீரை, சில பாலைக் கன்றுகள். அப்போதுதான் எங்களுக்கு ஒரு விடயம் உறைத்தது. அந்தக் கன்றுகள் எங்கிருந்து வந்தன? எங்கள் மூத்தம்மா பழம் பொறுக்கிய அதே தாய்மரத்திலிருந்து கரடியும் குரங்கும் பறவையும் தின்று போட்ட கொட்டைகள். எங்கள் வளவை மூடிய காட்டுக்கு விதை கொடுத்ததே எங்கள் வளவு மரம்தான்.

ஆனி மாதம் அது. மரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்தது. வாப்பா ஒரு கைப்பிடி பொறுக்கி லேஞ்சியில் கட்டினார். தின்னவில்லை. புத்தளத்துக்குப் போய் மூத்தம்மாவிடம் கொடுத்தார். மூத்தம்மா தேங்காயெண்ணெய் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். துப்புரவாக்கப் போனவர்களிடம், இது காடு என்று சொல்லப்பட்டது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி உட்பட்ட பகுதிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தன. 2017 மார்ச் 24 இல் பல பகுதிகள் ஒன்றாக்கப்பட்டு, 40,000 ஹெக்டேயருக்கும் சற்று அதிகமான பரப்பு மாவில்லு பேணற்காடு என்று பிரகடனமானது. தொலைக்காட்சியில் இது வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிற கதையாகப் போனது. வில்பத்து தேசிய பூங்கா 1938 இல் பிரகடனம் செய்யப்பட்டது, எங்கள் பழைய ஊர்கள் அதன் வட எல்லைக்கு வெளியே இருந்தவை என்று சொல்ல ஆளில்லை. அயல் கிராமமான முள்ளிக்குளத்துத் தமிழ் மக்களும் 2007 இல் வெளியேறி, பல வருடங்கள் தங்கள் காணிக்குப் போக முடியாமல் நின்றார்கள். அவர்களுடைய கதையும் இதே மண்ணின் கதைதான்.

ஆனால் உறவுகளே, எங்கள் பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. மீள்குடியேற்றம் என்ற பெயரில் ஊர் இல்லாத இடத்திலும் காடு வெட்டப்பட்டது. கல்லாறுப் பக்கத்தில் காடழிக்கப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மரம் நடச் சொல்லி உத்தரவிட்டது. பெருகிப்போன குடும்பங்களுக்குக் காணி வேண்டும் என்பது உண்மை. அதற்காகக் கண்ட காட்டையும் புல்டோசர் போட்டுத் தள்ளலாம் என்பது எங்கள் மூத்தவாப்பாமாருக்கே பிடிக்காத விடயம். அவர்கள் கத்தியால் வெட்டினார்கள், பழமரத்தை விட்டுவைத்தார்கள். புல்டோசருக்குப் பாலையும் பற்றையும் ஒன்றுதான். இன்னும் ஒன்று சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். சில பேர் தங்கள் வளவைத் துப்புரவாக்கும்போது, அந்த வளவுக்கு ஒரே சாட்சியாக நின்ற மரத்தையே வெட்டி விறகாக்கிவிட்டார்கள். பாலை நல்ல பாரமான மரம், விலை போகும். வெட்டிவிட்டுப் பிறகு அலுவலகத்தில் போய், "எங்கட வளவுல ஒரு பெரிய பாலை நிண்டது" என்றால் யார் நம்புவார்கள்?

சாட்சி என்று சும்மா சொல்லவில்லை. பாலை மிக மெதுவாக வளரும். 20 வருடத்துப் பற்றைக்காட்டில் முளைத்த பாலை கை மொத்தம் இருக்கும். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பாலை யாரும் வெளியேறுவதற்கு முன்பே, பலவேளை யாரும் பிறப்பதற்கு முன்பே நின்றது. அப்படி ஒரு கிழட்டு மரத்தைச் சுற்றிக் கை மொத்தத்தில் எல்லாம் ஒரே வயதில் நின்றால், அந்த இடம் ஒரு காலத்தில் வெளியாக இருந்தது என்று அர்த்தம். பக்கத்தில் கிணறும் தென்னங்குற்றியும் புளியும் இருந்தால் ஆட்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். தென்னை தானாகக் காட்டில் வரிசையாக முளைக்காது. மையவாடியில் மீஸான் கட்டைகள் இருந்தால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒரு அலுவலகத்தில் எங்கள் வாப்பா இதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். கடதாசி இருக்கிறதா என்று கேட்டார்கள். கடதாசி 1990 இல் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி எங்கே என்று வாப்பா திருப்பிக் கேட்டார். எதிரில் இருந்தவரிடம் பதில் இல்லை. கெட்ட மனிதர் இல்லை அவர், தேநீர் வரவழைத்துத் தந்தார். கோப்பு அப்படியே இருக்கிறது. வாப்பா இப்போது இல்லை.

இதனால்தான் பாடசாலைத் தோட்ட வேலையை இந்தத் தவணை கொஞ்சம் மாற்றினோம். பாத்தி கட்டுவதும் கன்று நடுவதும் நடக்கிறது. வெண்டி, கத்தரி, பயிற்றை எல்லாம் போட்டிருக்கிறோம். வேலி ஓரமாக ஒரு வரிசை பாலைக் கன்றும் வைத்திருக்கிறோம். பாலை அடிக்கட்டையில் சப்போட்டாவை ஒட்டலாம், இரண்டும் ஒரே குடும்பம், வறட்சி தாங்கும். சில கன்றுகளில் ஒட்டிப் பார்க்கப் போகிறோம். பூசணிக்காய்க்காரனுக்கு அதில் பெரிய ஆர்வம். இப்போது அவன்தான் தண்ணீர் ஊற்றுகிறான்.

அதோடு ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், ஊரில் நிற்கிற பழைய மரம் ஒன்றைக் காட்டச் சொல்ல வேண்டும். மரத்தின் பெயர், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, பக்கத்தில் கிணறு உண்டா, 1990 இற்கு முன் அது யாருடைய வளவு, யார் அதில் பழம் பறித்தார்கள். நாடாவால் அளக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், சொன்னவரின் பெயரும் எழுதுகிறார்கள். இதுவரை 43 மரம். 19 பாலை, 11 புளி, மற்றவை வீரை, நாவல், விளா, வேம்பு. இது நீதிமன்றத்தில் நிற்குமா என்று ஒருவர் கேட்டார். தெரியாது. பெரியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

டின்னில் பழம் கொண்டுவந்த பிள்ளையின் வீரை மரமும் கொப்பியில் இருக்கிறது. அளந்தபோது பெரிய மரம் இல்லை. 1990 இற்குப் பிறகு முளைத்ததுதான். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். உண்மையை எழுதத்தான் வேண்டும் என்று சொன்னோம். "காடு வந்தபோது முளைத்தது, இப்போது வேலிக்குள் நிற்கிறது" என்று அவளே எழுதினாள்.

இனி நாங்கள் கேட்க வந்தது. கொப்பியில் 27 ஆம் இலக்கம் ஒரு பாலை மரம். சுற்றளவு 2 மீற்றர் 60. பழைய பள்ளிவாசல் அத்திவாரத்துக்கு மேற்கே, கடல் பக்கமாக, வண்டிப் பாதை பிரிகிற இடத்தில் நிற்கிறது. அடியில் ஆட்டுக்கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. கிணறு இல்லை. அது யாருடைய வளவு என்று ஊரில் கேட்டவர்கள் யாருக்கும் நினைவில்லை. இரண்டு பேர் இரண்டு குடும்பத்தைச் சொன்னார்கள், பிறகு இருவருமே நிச்சயமில்லை என்றார்கள். அந்தக் குடும்பம் புத்தளத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். அந்த ஆட்டுக்கல்லில் மா அரைத்தவர்கள் யாரென்று தெரிந்தவர்கள், உங்கள் உம்மாமாரிடம், மூத்தம்மாமாரிடம் கேட்டுப் பார்த்து எங்களுக்குச் சொல்லுங்கள். அந்த மரத்தில் இந்த வருடம் பழம் நன்றாகக் கொட்டியிருக்கிறது.